தகுதியின் அளவுகோல்கள்: கொங்குப் பகுதியை முன்வைத்துத் தமிழகத் தொழிற்கல்விச் சேர்க்கையின் வரலாறு (1945–2025)

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவம், பொறியியல் ஆகிய தொழிற்கல்லூரிகளில் இடங்கள் குறைவாகவும் விண்ணப்பிப்போர் மிகுதியாகவும் இருந்த காலந்தொட்டு, யாரைச் சேர்ப்பது என்னும் வினாவுக்குத் தமிழகம் பல விடைகளைக் கண்டுள்ளது. வகுப்புவாரிச் சுழற்சி, மாவட்டப் பங்கீடு, நேர்காணல், நுழைவுத் தேர்வு, மேனிலைத் தேர்வு மதிப்பெண், தேசிய அளவிலான தேர்வு, அரசுப் பள்ளி முன்னுரிமை என்பன அவ்விடைகள். இவற்றைக் கொங்குப் பகுதியின் கல்வி வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மாணவர் வாழும் இடத்தை அளவுகோலாக்கிய முயற்சிகள் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை; பயின்ற பள்ளியை அளவுகோலாக்கிய முயற்சி நிலைத்தது; மதிப்பெண் ஒன்றையே அளவாகக் கொண்ட ஒவ்வொரு முறையும் தனக்கேற்ற பயிற்சிச் சந்தையைத் தோற்றுவித்தது. இவை கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தொழிற்கல்வி, மாணவர் சேர்க்கை, இடஒதுக்கீடு, கொங்குநாடு, நுழைவுத் தேர்வு, உறைவிடப் பள்ளி, 7.5 விழுக்காடு.

முன்னுரை

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்தில், அவிநாசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கருமத்தம்பட்டி. தொன்மையான செபமாலை அன்னை ஆலயத்தாலும், சோமனூர் வட்டாரத்தோடு இணைந்த விசைத்தறித் தொழிலாலும் அறியப்படுவது. இவ்வூரிலிருந்து கோவைக்குப் பேருந்தில் செல்லும் மாணவர், அவிநாசி சாலையிலேயே கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி (1956), கோவை மருத்துவக் கல்லூரி (1966), பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி (1951) ஆகியவற்றின் வாயில்களைக் கடந்து செல்வார். தொலைவு ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். ஆயினும் அவ்வாயில்களுக்குள் நுழைவதற்கான தொலைவு பேருந்துக் கட்டணத்தால் அளக்கப்படுவதன்று. அதனை அளக்கும் கோல் கடந்த முக்கால் நூற்றாண்டில் பலமுறை மாற்றப்பட்டுள்ளது.

அம்மாற்றங்கள் பெரும்பாலும் சமூகநீதி அரசியலின் வரலாறாகவோ நீதிமன்றத் தீர்ப்புகளின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளன. ஒரு வட்டாரத்தில் நின்று அவற்றை நோக்கும்போது வேறொரு தொடர்ச்சி புலப்படுகிறது. தறிக்கூடத்துக்கு அருகில் வளரும் பிள்ளையையும் நகரத்துப் பள்ளியில் பயிலும் பிள்ளையையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்பதே ஒவ்வொரு சேர்க்கை முறைக்கும் அடியில் இருந்த வினா. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளைக் கால வரிசையில் தொகுத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. வாயில்கள் தோன்றிய காலம்

கொங்குப் பகுதியின் உயர்கல்வி வேளாண்மையிலும் ஆலைத் தொழிலிலும் வேரூன்றியது. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளியின் மரபு 1906-இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பொறியியல் கல்வி 1945-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரியோடு தொடங்கியது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழிவந்ததே. கல்லூரி தடாகம் சாலைக்கு இடம்மாறிய பின்னரும், அவிநாசி சாலையில் அது முதலில் இருந்த பகுதியை மக்கள் இன்றும் ‘ஹோப் காலேஜ்’ என்றே வழங்குகின்றனர்.

இக்கல்லூரியின் தோற்றத்தில் பெரும்பங்கு கொண்டவர் கோ.து. நாயுடு (1893–1974). சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்த அவர் கல்லூரிக் கல்வி பெறாதவர். நான்காண்டுப் பொறியியல் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, அதனைக் குறைந்த காலத்தில் கற்பிக்க இயலும் என்று அவர் வாதிட்டார். அரசு அதனை ஏற்காத நிலையில் பொறுப்பிலிருந்து விலகினார். அவரது வாதம் பாடத்திட்டம் பற்றியது மட்டுமன்று. பட்டறையில் கைப்பழக்கமாக வளர்ந்த திறனுக்கும் சான்றிதழால் மெய்ப்பிக்கப்படும் தகுதிக்கும் இடையிலான வேறுபாடு அதில் அடங்கியிருந்தது. கொங்குப் பகுதியில் நூற்பாலை, வார்ப்பாலை, மோட்டார்த் தொழில் ஆகியன பட்டம் பெறாதோர் பலரால் வளர்க்கப்பட்டவை. அத்தொழில்களின் பொருள்வளத்தால் கல்லூரிகள் எழுந்தன. எனினும் அக்கல்லூரிகளில் நுழையும் தகுதி பள்ளித் தேர்வுத்தாளாலேயே அளக்கப்பட்டது.

2. வகுப்புவாரிச் சுழற்சி

நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் தொடங்கிய வகுப்புவாரி அரசாணைகள் அரசுப் பணிகளுக்கானவை. தொழிற்கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிவுபடுத்தப்பட்ட அம்முறை, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஒவ்வொரு 14 இடங்களையும் ஓர் அலகாகக் கொண்டது. அவற்றுள் பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் 1, முசுலிம்கள் 1 எனப் பகிர்வு அமைந்தது.

செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாததாக்கியது. அதன் விளைவாக அதே ஆண்டில் முதலாவது அரசமைப்புத் திருத்தம் நிறைவேறி 15(4) என்னும் உட்பிரிவு சேர்ந்தது. இவ்வழக்கின் சமூக, அரசியல் விளைவுகள் விரிவாக ஆராயப்பட்டவை. தீர்ப்பு பதிவுசெய்துள்ள இட எண்ணிக்கையோ நமது நோக்கில் தனிக் கவனத்துக்குரியது. ஆந்திரப் பகுதிகளை உள்ளடக்கிய அன்றைய சென்னை மாநிலம் முழுமைக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 330. அரசுப் பொறியியல் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 395. பொறியியல் கல்லூரிகளுள் ஒன்று கோவையில் இருந்தது. மருத்துவக் கல்லூரிகளோ சென்னையிலும் ஆந்திரப் பகுதியிலுமே இருந்தன. எனவே கொங்குப் பகுதி மாணவருக்கு, எச்சமூகத்தவராயினும், மருத்துவக் கல்வி என்பது சென்னைக்குச் செல்லுதல் என்றே பொருள்பட்டது. வகுப்பை அளந்த கோல் இடத்தின் தொலைவை அளக்கவில்லை.

3. இடத்தை அளந்த முயற்சிகள்

அந்தக் குறையைக் களையும் முயற்சி 1960களில் நிகழ்ந்தது. மருத்துவக் கல்லூரி இடங்களை மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் விதியை மாநில அரசு வகுத்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே தரவரிசை அமைந்தால் சென்னை நகர மாணவர் பெரும்பாலான இடங்களைப் பெற்றுவிடுவர் என்பது நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு முன்வைத்த விளக்கம். பி. இராசேந்திரன் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் மாவட்டப் பங்கீட்டைச் சமத்துவ உரிமைக்கு முரணானது எனத் தள்ளியது. ஒரு மாவட்டத்தின் தகுதிமிக்க மாணவர் விலக்கப்பட்டு வேறு மாவட்டத்தின் தகுதி குறைந்தவர் சேர்க்கப்படலாம் என்பது நீதிமன்றத்தின் கருத்து. அதே தீர்ப்பு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை ஏற்றுக்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. சமூகம் ஏற்கத்தக்க அளவுகோல், மாவட்டம் ஏற்கத்தகாத அளவுகோல் என்னும் பிரிவு இங்கே உருவானது.

இரண்டாண்டுகளுக்குப் பின் அரசு வேறொரு வழியை மேற்கொண்டது. 1970–71ஆம் கல்வியாண்டில் சென்னை நகர மருத்துவக் கல்லூரிகள் ஓர் அலகாகவும் வெளியூர்க் கல்லூரிகள் தனித்தனி அலகுகளாகவும், ஆக ஆறு அலகுகள் அமைக்கப்பட்டன. ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வுக்குழு உண்டு. நேர்காணலுக்கு 75 மதிப்பெண். ஏ. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனையும் மாவட்டப் பங்கீட்டின் மறுவடிவமாகவே கண்டு விலக்கியது. நேர்காணலுக்கு வழங்கிய மதிப்பெண் மிகுதி என்றும், விளையாட்டு, தேசிய மாணவர் படை, உடல்திறன், பொதுத்திறன் முதலிய தலைப்புகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் வகுக்காமல் மொத்தமாக வழங்கியது முறையன்று என்றும் சுட்டியது.

நேர்காணல் பற்றிய இக்கண்டனம் ஊர்ப்புற மாணவருக்கு நன்மை பயந்தது. பேச்சும் நடையும் ஆங்கிலப் பழக்கமும் எடைபோடப்படும் அறையில், முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர் இழப்பதற்கே வாய்ப்பு மிகுதி. ஆனால் அலகு முறையின் நீக்கம் நேர்மாறான விளைவுடையது. கோவைக் கல்லூரியின் இடங்கள் அண்மை ஊர்களின் மாணவருக்கு உரியவை என்னும் எண்ணத்துக்கு அத்துடன் சட்ட அடிப்படை இல்லாமற்போயிற்று. பின்னர் 1974-இல் உத்தரப் பிரதேசம் தொடர்பான பிரதீப் டண்டன் வழக்கில், மலைப்பகுதி ஒதுக்கீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம் ஊரகப் பகுதி ஒதுக்கீட்டை மறுத்தது. ஊரகத்தில் வாழ்தல் மட்டுமே பிற்பட்ட நிலையின் சான்றாகாது என்பது அதன் நிலைப்பாடு. 1990களின் இறுதியில் தமிழக அரசு தொழிற்கல்லூரிகளில் ஊரக மாணவருக்கு 15 விழுக்காடு ஒதுக்கியபோதும், பின்னர் அதனை உயர்த்த முயன்றபோதும், அம்முறை நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை.

இக்காலத்தில் சமூக அளவுகோல் விரிந்தது. சட்டநாதன் ஆணையத்தைத் தொடர்ந்து 1971-இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 25-இலிருந்து 31 விழுக்காடாகவும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒதுக்கீடு 16-இலிருந்து 18 விழுக்காடாகவும் உயர்ந்தன. 1975-இல் கொங்கு வேளாளர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தனர். 1980-இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 50 விழுக்காடானது. வட்டாரத்தின் பெரும்பான்மை உழவர் சமூகம் ஒதுக்கீட்டின் எல்லைக்குள் வந்தமை, அடுத்த பத்தாண்டுகளின் கல்வி முதலீட்டுக்கு ஊக்கம் அளித்த காரணிகளுள் ஒன்று எனக் கருதலாம்.

4. 1984: தேர்வும் கல்லூரியும்

1984ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். எம்.ஜி.இராமச்சந்திரன் அரசு தொழிற்கல்லூரிகளுக்குப் பொது நுழைவுத் தேர்வை நடைமுறைப்படுத்தியது. அக்காலத்திலேயே சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி, கோவையில் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி ஆகியன அவ்வாண்டில் தொடங்கியவை. இடப்பற்றாக்குறையின் தன்மை இதனால் மாறியது. ‘இடம் கிடைக்குமா’ என்னும் வினாவின் இடத்தை ‘எக்கல்லூரியில், எத்துறையில், எக்கட்டணத்தில்’ என்னும் வினாக்கள் பிடித்தன. பொறியியலில் போட்டி தளர்ந்து தரவரிசை நுட்பமானது. மருத்துவத்தில் போட்டி முன்போலவே நீடித்தது.

நுழைவுத் தேர்வுக் காலத்தில் பாட மதிப்பெண் 200-க்கும் நுழைவுத் தேர்வு 100-க்கும் எனக் கூட்டி, 300-க்குத் தரவரிசை கணக்கிடப்பட்டது. 1997-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வழி ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே விண்ணப்பித்து அலைய வேண்டிய நிலையை அது நீக்கியது. தரவரிசை எண்ணும் காலியிடப் பட்டியலும் திரையில் எல்லார் முன்னிலையிலும் தெரிந்தமையால், பரிந்துரைக்கும் மறைமுகப் பேரத்துக்கும் இடம் குறைந்தது. நீதிமன்றம் 1970-இல் நேர்காணலைக் கண்டித்ததன் நடைமுறை நிறைவு இதுவே எனலாம்.

5. மதிப்பெண்ணும் உறைவிடப் பள்ளியும்

நுழைவுத் தேர்வுக்கான தனிப்பயிற்சி நகரங்களிலேயே கிடைத்தது என்பதும், ஊரக மாணவர் அதனால் பின்தங்கினர் என்பதும் தேர்வை நீக்கக் கோரியோரின் முதன்மை வாதம். 2005, 2006 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முயற்சிகள் நீதிமன்றத்தில் தோற்றன. பின்னர் மு. ஆனந்தகிருட்டிணன் குழுவின் பரிந்துரையை அடியொற்றி இயற்றப்பட்ட சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007-இல் நடைமுறைக்கு வந்தது. வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறையை அது உள்ளடக்கியிருந்ததால் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. அதன்பின் பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்றும், மருத்துவத்துக்கு உயிரியல் 100, ஏனையவை முன்போலவே என்றும் 200-க்குக் கணக்கிட்ட ‘கட்-ஆஃப்’ ஒவ்வொரு வீட்டிலும் அறியப்பட்ட சொல்லாயிற்று.

ஊரக மாணவருக்காகக் கொணரப்பட்ட இம்மாற்றத்துக்குக் கொங்குப் பகுதி எதிர்பாராத விடை ஒன்றை அளித்தது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு வட்டாரங்களில் 1990களிலேயே வேர்கொண்டிருந்த தனியார் உறைவிட மேனிலைப் பள்ளிகள் இப்போது மாநிலம் முழுவதிலிருந்தும் மாணவரை ஈர்த்தன. கோழிப்பண்ணை, லாரிக்குக் கூண்டு கட்டுதல், ஆழ்துளைக் கிணற்று வண்டி ஆகிய தொழில்களில் திரண்ட முதலும், கூட்டாக முதலிட்டுத் தொழில் நடத்தும் வட்டாரப் பழக்கமும் இப்பள்ளிகளின் பின்புலமாக இருந்தன. மேனிலை முதலாண்டுப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாமாண்டுப் பாடத்தையே ஈராண்டும் பயிற்றுதல், விடியலிலிருந்து இரவு வரை மேற்பார்வையிலான படிப்பு, அன்றாடத் தேர்வு ஆகியன அவற்றின் பொதுமுறை. ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்கள் வழங்கிய பெயர், அவ்வட்டாரத்தின் இன்னொரு தொழிலிலிருந்தே பிறந்தது.

இப்பள்ளிகளை வெறும் வணிகம் என்று ஒதுக்குவது வரலாற்று நோக்கில் போதாது. ஆங்கிலப் பின்புலமற்ற உழவர், சிறுதொழிலர் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இவற்றின் வழியே மருத்துவராயினர். மறுபுறம், நிலத்தை விற்றோ கடன்பட்டோ கட்டணம் செலுத்த இயன்றோருக்கே அவ்வழி திறந்திருந்தது. கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக் குடும்பத்துக்கு அது எட்டாதது. மதிப்பெண் முறை நகர, ஊரக வேறுபாட்டைக் குறைத்து, கட்டணம் செலுத்த இயன்றோர், இயலாதோர் என்னும் வேறுபாட்டைக் கூட்டியது. நீட் தேர்வு வருமுன்னரே அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றோர் மிகச் சிலரே என்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

2017-இல் மாநில அரசு முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. மேனிலை முதலாண்டுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. மொத்த மதிப்பெண்ணை 1200-இலிருந்து 600 ஆக்கியது. முதலாண்டுப் பாடம் ஒதுக்கப்படுவதைத் தடுப்பதே அத்தேர்வின் நோக்கம். 2025–26 கல்வியாண்டு முதல் அத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது.

6. பள்ளி என்னும் அளவுகோல்

2017-இல் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு (நீட்) தமிழக மருத்துவச் சேர்க்கைக்குக் கட்டாயமானது. விலக்குக் கோரிச் சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வரைவுகள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. நீதியரசர் ஏ.கே. இராசன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, மருத்துவம் சேர்ந்தோருள் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மீண்டும் முயன்றவர் பங்கு 2016–17-இல் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்து 2020–21-இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது. இவ்வெண் தேர்வின் கடினத்தை மட்டும் காட்டுவதன்று. ஓராண்டு அல்லது ஈராண்டு வருமானமின்றிக் காத்திருந்து பயிற்சிக் கட்டணமும் செலுத்தும் ஆற்றல் தகுதியின் மறைமுகக் கூறாகிவிட்டதைக் காட்டுவது. கொங்குப் பகுதியின் உறைவிடப் பள்ளிகள் பலவும் விரைவில் நீட் பயிற்சி மையங்களையும் நடத்தத் தொடங்கின. அளவுகோல் மாறியது, அதற்குப் பயிற்றுவிக்கும் நிறுவன அமைப்பு மாறாது நிலைத்தது.

இந்நிலையில் நீதியரசர் பொ. கலையரசன் ஆணையத்தின் ஆய்வைத் தொடர்ந்து 2020-இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய அளவுகோல் ஒன்றைக் கொணர்ந்தது. ஆறாம் வகுப்பு முதல் மேனிலை வரை அரசுப் பள்ளிகளில் பயின்று நீட்டில் தகுதி பெற்றோருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 இடங்கள் மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலும் இவ்வகையில் கிடைத்தன. நீதியரசர் த. முருகேசன் ஆணையப் பரிந்துரையின் பேரில் 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இம்முறை விரிந்தது. இவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022 ஏப்ரல் 7-இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ முன்னுரிமைச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

மாவட்டமும் அலகும் ஊரகமும் தோற்ற இடத்தில் பள்ளி வென்றது ஏன்? முன்னைய அளவுகோல்கள் மாணவர் எங்கே வாழ்கிறார் என்பதைக் கேட்டன. ஒரே மாவட்டத்தில், ஒரே சிற்றூரில் செல்வரும் வறியரும் வாழ்வதால் அவ்வினாவுக்குரிய விடை இல்லாமையின் சான்றாகவில்லை. பள்ளி பற்றிய வினாவோ மாணவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை நேரடியாகத் தொடுகிறது. அவ்வேறுபாட்டைத் தரவுகளால் நிறுவிய ஆணைய அறிக்கையும் சட்டத்துக்குத் துணைநின்றது.

சமூக அளவுகோலும் இக்காலத்தில் நுண்மையடைந்தது. மேற்கு மாவட்டங்களில் மிகுதியாக வாழும் அருந்ததியருக்குப் பட்டியல் சாதியினர் ஒதுக்கீட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009-இல் வழங்கப்பட்டது. 2024-இல் உச்ச நீதிமன்றம் உள்வகைப்பாடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஒரே பட்டியலுக்குள்ளும் வாயிலை எட்டாதோர் உளர் என்பதைக் கொங்குப் பகுதியின் நிலை தெளிவாக்கியது.

7. வகைப்பாட்டின் விளிம்பில்

எந்த அளவுகோலுக்கும் விளிம்புகள் உண்டு. கருமத்தம்பட்டி போன்ற ஊர்கள் அவ்விளிம்புகளில் நிற்பவை. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021-இல் நகராட்சியானது. உள்ளாட்சி வகையைக் கொண்டு ஊரகம், நகரம் எனப் பிரிக்கும் எவ்விதியும் இத்தகைய ஊரை நகரத்தின் பக்கம் சேர்த்துவிடும். ஆனால் தறிக்கூலியில் வாழும் குடும்பத்தின் கல்விச் சூழல் ஊரின் பெயர்ப்பலகை மாறுவதால் மாறுவதன்று. ஊரக ஒதுக்கீடு நீதிமன்றத்தில் வென்றிருப்பினும் இத்தகைய தொழிலூர்களுக்கு அது பயன்பட்டிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

7.5 விழுக்காட்டு முறைக்கும் விளிம்பு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. கிறித்தவ நிறுவனங்களும் ஏனைய அறக்கட்டளைகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் பரவிய வட்டாரங்களில், ஒரே தெருவில் வாழும் ஒத்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள், சேர்ந்த பள்ளியின் நிருவாக வகையால் வெவ்வேறு தரவரிசையில் நிற்கின்றனர். ஆறாம் வகுப்பில் பெற்றோர் மேற்கொண்ட முடிவு ஏழாண்டுகளுக்குப் பின் மருத்துவக் கல்லூரி வாயிலில் எடைபோடப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன தெளிவாகின்றன. முதலாவது, தமிழகத் தொழிற்கல்விச் சேர்க்கையில் ‘தகுதி’ என்பது நிலையான பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. 14 இடச் சுழற்சி முதல் 7.5 விழுக்காடு வரை அது மீளமீள வரையறுக்கப்பட்டது. இரண்டாவது, இடத்தை அளந்த முறைகள் வீழ்ந்தன. பள்ளியை அளந்த முறை நின்றது. மூன்றாவது, நுழைவுத் தேர்வு, மேனிலை மதிப்பெண், நீட் என மதிப்பெண் வழிப்பட்ட மூன்று முறைகளும் பயிற்சியை விலைக்கு வாங்க இயன்றோருக்கே மிகுதியும் பயன்பட்டன. கொங்குப் பகுதியின் உறைவிடப் பள்ளிகள் இதற்குச் சிறந்த வரலாற்றுச் சான்று.

முன்னுரிமைச் சட்டத்தின் முதல் ஐந்தாண்டுகள் நிறைவுற்றுள்ள இவ்வேளையில் அதன் பயனை ஆராய்வது இன்றியமையாதது. ஆண்டுதோறும் எத்தனை பேர் சேர்ந்தனர் என்னும் எண்ணிக்கை மட்டும் போதாது. அவர்கள் எந்தெந்தப் பள்ளிகளிலிருந்து வந்தனர், எத்தனையாவது முயற்சியில் வந்தனர், அவர்தம் பெற்றோர் தொழில் யாது என்பனவும் பள்ளிவாரியாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். விசைத்தறி, பின்னலாடை, கோழிப்பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகள் பயிலும் கொங்குப் பகுதிப் பள்ளிகளில் அத்தகைய களஆய்வு மேற்கொள்ளப்படின், அளவுகோல் உரியவரை எட்டியதா, அன்றி அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஒரு சில பள்ளிகளுக்கு மட்டும் பயன்பட்டதா என்பதைத் தீர்மானிக்க இயலும்.